இராகுகாலத்தில் நின்ற செய்தி

மெல்பேணில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்கிறது. வந்து பதினொரு வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை. நெடுந்தீவில் படகு வராவிட்டால் யாரும் யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. விடிய ஐந்தரைக்கே இறங்குதுறையில் போய் நின்று, கடலைப் பார்த்து, வரும், வராது என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். அந்த மன வெப்பியாரத்தில்தான் எங்கள் ஊர்ச் சங்கத்துக்காக நான் ஒரு மென்பொருள் சேவை எழுதினேன். தினமும் ஊர் நேரம் காலை ஐந்துக்கு அன்றைய படகு நேரம் தீவுச் சனத்தின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். என் தொழிலே அதுதான். நிரலையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் கொன்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டியில் கட்டி, கிளவுட் என்கிற தொலைக் கணினியில் விட்டால், நேரத்துக்கு விழித்து வேலையைச் செய்துவிட்டுத் தூங்கிவிடும். நிரலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதைத் திரும்பக் கட்டி, சோதித்து, மேலே ஏற்றுவதற்குப் பைப்லைன் என்கிற தானியங்கி வரிசை இருக்கிறது. மனிதக் கை படவே தேவையில்லை என்று சங்கக் கூட்டத்தில் பெருமையடித்தேன்.

தலைவர் அண்ணைக்கு ஒரே ஒரு கவலை. "எல்லாம் சரி தம்பி, இராகுகாலத்தில ஒண்டும் தொடங்கப்படாது. உதில அதுக்கும் ஒரு வழி செய்யும்." மறுத்துப் பேசச் சோம்பல்பட்டுப் பைப்லைனில் நான்கு வரி சேர்த்தேன்: இராகுகாலமென்றால் நிறுத்தி வை. அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய மெல்பேண் நாட்காட்டியைப் பார்த்தே நேரங்களைப் போட்டேன். பிறகு மறந்தும் போனேன். படகு நேரத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்ததும் என் சோம்பல்தான்; நேரம் மாறினால் அதுவும் பைப்லைன் வழியேதான் போக வேண்டும்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, நெடுந்தீவில் தனியே இருக்கும் என் அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் இருதய ஸ்கான். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள். படகு ஏழு மணிக்கு என்று ஐந்து மணிச் செய்தி போய்விட்டது. அங்கே ஆறு மணி, இங்கே பத்தரை ஆகும்போது படகோட்டி எனக்குப் போன் எடுத்தார். "சோளகக் காத்து எழும்பப் போகுது. ஆறரைக்கே வெளிக்கிடுறம். சனத்துக்கு அறிவியுங்கோ." நிரலில் நேரத்தை மாற்றிப் பைப்லைனில் விட்டேன்; மேலே ஏறியதும் புதுச் செய்தி தானாகப் போகும். வேலை முடிந்ததென்று அலுவலகக் கூட்டத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. திரையில் மஞ்சள் விளக்கு. பக்கத்து மேசை ஓவன் எட்டிப் பார்த்தான். "ராகுவுக்காகக் காத்திருக்கிறது என்று போட்டிருக்கிறதே, யார் அது? பாதுகாப்புப் பிரிவா?"

ஆம் என்றேன். "அவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்று அனுதாபப்பட்டான்.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை மெல்பேணுக்கு இராகுகாலம். அக்காவின் ஊரில் அந்த நேரத்தில் இராகுகாலமே இல்லை. நான்கு வரியையும் அழித்தேன். ஐந்து நிமிடத்தில் செய்தி போய்ச் சேர்ந்தது. அங்கே அப்போது ஏழு மணி தாண்டிவிட்டது.

அக்கா போன் எடுத்தார். "படகு போயிட்டுது."

"அக்கா, அது மெசின்..."

"ஒரு கோல் எடுத்திருக்கலாமேடா? ஓடி வந்திருப்பன். முந்தியெண்டால் ஐஞ்சரைக்கே போய் நிண்டிருப்பன். நீ அனுப்பிறாய் எண்டுதான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு வீட்டில நிண்டனான்."

அக்காவின் எண் எனக்கு மனப்பாடம். பைப்லைன் பார்த்துக்கொள்ளும் என்று அந்த எண்ணை நான் அழுத்தவில்லை. அன்று பின்னேரம் தலைவர் அண்ணை, "செய்தி நிண்டதும் நல்லதுக்குத்தான் தம்பி, கடல் கொந்தளிப்பாம்" என்றார். படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரைத் திட்டவும் எனக்கு வாயில்லை. கேட்டவர் அவர், எழுதியவன் நான்.

அக்காவுக்கு இன்னும் அடுத்த திகதி கிடைக்கவில்லை. "என்ர நம்பரை உதில இருந்து எடுத்துவிடு" என்று ஒரேயொரு வரி அனுப்பினார். எடுத்துவிட்டேன். அவர் பழையபடி விடியவே துறைக்குப் போய் நிற்கிறாராம். சோதித்துப் பார்க்கச் சேர்த்த என் எண் மட்டும் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்கு, ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்கும் மேடையில் ரயிலுக்கு நிற்கும்போது என் போன் அடிக்கிறது: இன்று படகு ஏழு மணிக்கு, கால் மணி நேரம் முன்பே துறைக்கு வரவும்.