கிராஃப்ட் என்றொரு சொல்

புக்கிட் பாஞ்சாங் பேருந்து நிறுத்தத்தில் வெயில் சுடுகிறது. கடலை வண்டிக்காரர் முத்தையாவிடம், லாரிகளின் இரைச்சலில், அதே விஷயத்தை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். இதற்காகத்தான் கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி வந்தேன்.

பத்து வருடங்களுக்கு முன் இந்த ஊர்த் துறைமுகத்தில் நான் கணக்கெழுதும் கிராணி, அவர் மூட்டை தூக்கினார். வெள்ளைக்காரத் துரை அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய நற்சான்றில் 'கிராஃப்ட்' (graft) என்றொரு சொல். நான் அறிந்த பொருள் லஞ்சம். அகராதியைக்கூடப் புரட்டாமல் எல்லோர் முன்னாலும் அப்படியே படித்துச் சொன்னேன். அவர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையை விட்டார். சென்ற மாதம் கோலாலம்பூரில் நான் ஓய்வு பெற்றபோது என் துரை என்னையும் அதே சொல்லால் பாராட்டினார். கோபித்தேன், அவர் சிரித்தார். ஆங்கிலப் பேச்சுவழக்கில் அதற்குக் கடும் உழைப்பு என்று பொருளாம். இரண்டுக்கும் ஒரே சொல்லா! என்ன மொழியோ! அதைக் கரைத்துக் குடித்ததாக நினைத்த நான் என்ன ஆளோ!

"அப்ப துரை என்னை நல்லவன்னுதான் எழுதுனாரா?"

"ஆமாம் முத்தையா. தப்பு என்னோடது."

"நல்லா படிச்சீங்க லா, கிராணியாரே! என் மாமனார் வீட்ல இன்னிக்கும் நான் லஞ்சம் வாங்குனவன்தான்."

"மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட சொல்லி என்ன? அன்னிக்கு என் மச்சான் பக்கத்துல நின்னான். கேலாங்லதான் இருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க."

ஒரு மணி நேரமாக வராத ரயில் நிலையப் பேருந்து இப்போது வந்து நிற்கிறது. நான் ஏறவில்லை. கேலாங்குக்கு எது போகும் என்று கேட்கிறேன்.

முத்தையா வண்டியைச் சாக்கால் மூடுகிறார்.

"இருங்க, நானும் வர்றேன். நீங்க மறுபடியும் மாத்திச் சொல்லிடுவீங்க."