மோதிர விரலில் ரப்பர் பேண்டு

என் நாத்தனார் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிடப் பதினோரு வயது சின்னவள், ஒரே வீட்டில் இருக்கிறோம், என் கையால் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறாள். இருந்தும் வயிறு எரிகிறது. எல்லாம் ஒரு வெள்ளைத் தொப்பிக்காக.

நான் மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பத்தொன்பது வருஷமாகக் கழுத்தில் விசில். த்ரோபால், கோகோ, கபடி, எது நடந்தாலும் ஊத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவள் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பால் நடுவராக வர விரும்புகிறவர்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்று வாட்ஸப்பில் வந்தபோது பேர் கொடுத்தவள் நான். "அண்ணி, ஞாயித்துக்கெழம எனக்கும் போர் அடிக்குது. சும்மா கூட வர்றேன்" என்று ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தவள் அவள்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து கையில் இருக்கும் அணி பத்து கஜம் முன்னேற வேண்டும். அதற்கு நாலு முறை முயலலாம். ஒவ்வொரு முறைக்கும் டவுன் என்று பேர். நாலிலும் முடியவில்லையா, பந்து எதிரணிக்கு. யாராவது தப்பு செய்தால் நடுவர் இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை எடுத்து வீசுவார். தப்புக்குத் தக்கபடி ஐந்தோ பத்தோ கஜம் பந்தைத் தள்ளிவைத்து, பெரும்பாலும் அதே டவுனைத் திரும்ப ஆடச் சொல்வார்கள். எத்தனையாவது டவுன் என்பது மறக்காமல் இருக்க நடுவர்கள் விரலில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிக்கொள்கிறோம். முதல் டவுனுக்கு ஆள்காட்டி விரல், அடுத்து நடுவிரல், மூன்றாவதுக்கு மோதிர விரல், நாலாவதுக்குச் சுண்டு விரல். தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஃபேன்சி கடையில் தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டு ஒரு டஜன் வாங்கி, அவளுக்கு ஆறு கொடுத்தேன். நானே கொடுத்தேன், பாருங்கள்!

பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் முதல் நாளே சொன்னார்: தப்பைப் பார்த்தால் துணியை வீசுங்கள், விசிலைத் தொடாதீர்கள். ஓட்டம் தானாக முடிந்த பிறகுதான் ஊத வேண்டும். எனக்கு இது இறங்கவே இல்லை. தப்பு கண்ணில் பட்ட நொடியில் ஊதிப் பழகிய வாய் இது. பயிற்சி ஆட்டத்தில் ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஊதிவிட்டேன். அந்தப் பக்கம் பந்தோடு கடைசிக் கோட்டை நெருங்கிவிட்டவன் அப்படியே நின்று என்னை முறைத்தான். விசில் சத்தம் கேட்டால் ஆட்டம் நின்றதாக அர்த்தம், அவன் ஓடியதெல்லாம் வீண். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு விசிலை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். கை தானாக வாய்க்குப் போனது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

அவளுக்கு மறக்க வேண்டியது எதுவுமே இல்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை மாதிரிப் படித்தாள். சந்தேகம் வந்தால் என்னையே கேட்பாள். நான் சொன்ன பதிலைப் புத்தகத்தில் சரிபார்ப்பாள். "இல்ல அண்ணி, இங்க வேற மாதிரி போட்டிருக்கு" என்பாள். குரலில் துளி திமிர் இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். அதுவும் கிடையாது.

ஆறாவது ஞாயிறு தேர்வு. அவள் முதலாவது, நான் நாலாவது. கல்லூரிகளுக்கு நடுவே நடக்கப்போகும் போட்டிக்கு அவள்தான் தலைமை நடுவர் என்றார் பயிற்சியாளர். தலைமை நடுவருக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி, மற்றவர்களுக்குக் கறுப்பு. "இவங்களுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை, அதுதான் இவங்க பலம்" என்று வேறு சொன்னார். சுருக்கென்றது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் அவள், "அண்ணி, ஒரு தடவ நீங்க போட்டுப் பாருங்க" என்று அந்தத் தொப்பியை என் தலையில் வைத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியிருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு, பால் காய்ச்ச வேண்டும் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

போட்டியின் கடைசி ஆட்டம். சிவப்புச் சட்டை ஒரு கல்லூரி, நீலச் சட்டை ஒரு கல்லூரி. நடுவில் வெள்ளைத் தொப்பியோடு அவள், ஓரக்கோட்டில் கறுப்புத் தொப்பியோடு நான். எத்தனையாவது டவுன் என்று காட்டும் நம்பர் பலகை என் பொறுப்பு. நீலம் மூன்று புள்ளி முன்னால். ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். பந்து சிவப்பிடம், மூன்றாவது டவுன், இன்னும் எட்டு கஜம். பந்து அசைவதற்கு முன்பே நீலச் சட்டைக்காரன் ஒருவன் கோட்டைத் தாண்டிவிட்டான். நான் மஞ்சள் துணியை வீசினேன். விசிலைத் தொடவில்லை. முதல் தடவையாக எல்லாம் சரியாகச் செய்தேன்.

சிவப்பின் ஓட்டம் அங்கேயே அடங்கியதும் அவள் ஓடி வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு, பந்தை ஐந்து கஜம் தள்ளி வைத்தாள். இரண்டு கேப்டன்களிடமும் பேசினாள். பிறகு கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டினாள்.

நாலு இல்லை, மூன்று. நீலத்தின் தப்பு, ஆகவே அதே டவுன்தான். என் ரப்பர் பேண்டு மோதிர விரலில் இருந்தது. நான் கத்தியிருந்தால் போதும், திரும்பிப் பார்த்திருப்பாள். கத்தவில்லை. மாட்டிக்கிட்டியாடி மகாராணி என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். பலகையில் நாலைத் திருப்பிவைத்தேன்.

சிவப்புக்காரர்கள் பந்தை எறிந்தார்கள். பிடிக்க வேண்டியவன் கையில் பட்டுத் தரையில் விழுந்தது. நாலு டவுனும் முடிந்தது என்று அவள் பந்தை நீலத்துக்குக் கொடுத்தாள். சிவப்பின் கேப்டன் அவளிடம் ஓடினான். "மேடம், இது மூணாவதுதானே? எங்களுக்கு இன்னொண்ணு இருக்கே" என்று கன்னடத்தில் கெஞ்சினான். நீலம் பந்தை எடுத்து ஆடத் தொடங்குவதற்குள் திருத்திக்கொள்ள விதி இடம் தருகிறது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மைதானத்துக்கு நடுவிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். நாலு விரலைத் தூக்கி, சரியா என்று கண்ணாலேயே கேட்டாள்.

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

நீலம் ஆடத் தொடங்கியது, நேரத்தைக் கரைத்து ஜெயித்தது. சிவப்பின் கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள் அழுகிறான் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. அவனை நான் நினைத்தே பார்க்கவில்லை. என் கண்ணுக்கு அவள் தொப்பி ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் மேஜையில் உட்கார்ந்து யாரோ போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து தடவை பின்னால் தள்ளிப் பார்த்த சத்தம் கேட்டது. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, மூணுதான். அந்தப் பையன் சொன்னதுதான் சரி. நான் தப்பா எண்ணி உங்களையும் மாட்டிவிட்டுட்டேன்."

தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

பயிற்சியாளருக்கும் சிவப்பு அணிக்கும் அனுப்பப் போவதை எனக்குப் படித்துக் காட்டினாள். ஆட்டத்தின் முடிவை மாற்ற முடியாது, மன்னிப்பாவது கேட்கிறேன் என்று ஆரம்பித்தது. நடுவில் ஒரு வரி: "தப்பு முழுக்க என்னுடையது." படித்துவிட்டுத் தயங்கினாள்.

"அண்ணி, உங்க ரப்பர் பேண்டு அப்ப எந்த விரல்ல இருந்துச்சு?"

"சுண்டு விரல்லதான்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அப்பாடா, நான் மட்டும்தான் குழம்பிட்டேன்னு நெனச்சேன்" என்று மூச்சு விட்டாள். "இது நமக்குள்ளயே இருக்கட்டும் அண்ணி. உங்கள எதுக்கு இழுக்கணும்?" ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டாள்.

தோசைக்கல் ஆறுவதற்குள் பயிற்சியாளரின் பதில் வந்தது. இப்படி ஒப்புக்கொள்கிற நடுவர்தான் எனக்கு வேண்டும், அடுத்த போட்டிக்கும் வெள்ளைத் தொப்பி உங்களுக்கே என்று எழுதியிருந்தார்.

தொப்பி போனால் போகட்டும். அந்த ஒரு வரி நான் எழுத வேண்டியது. அதையும் அவளே எழுதிவிட்டாள்.