பாதரசம் சிதறிய அன்று

முதலியார்பேட்டையில் நான் நர்ஸாக இருந்த சிறிய மருத்துவமனையில் தரை துடைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். குள்ளமான உருவம், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. எந்த வேலையையும் தொடுமுன் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்பார். சோம்பல் என்று நாங்கள் சிரிப்போம்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு காலையில், நோயாளி இல்லாத ஓர் அறையில், பழைய பி.பி. மெஷின் என் கையிலிருந்து நழுவி உடைந்தது. பாதரசம் மணிமணியாகக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அதன் ஆவி மூச்சில் கலந்தால் விஷம் என்று படித்தவள்தான் நான். ஆனாலும் பதற்றத்தில் துடைப்பத்தை எடுத்துவிட்டேன்.

"பெருக்காத சிஸ்டர்! இன்னும் பொடிப்பொடியா செதறிப் பூடும். புள்ளத்தாச்சி நீ, வெளிய போ" என்றார் வாசலுக்கு வந்த அக்கா.

"நான்தானே அக்கா உடைச்சேன்?"

"அத அப்புறம் பேசிக்கலாம். போ."

ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். சாதாரண மாஸ்க்கும் கையுறையும் போட்டு மண்டியிட்டு, இரண்டு அட்டைகளால் மணிகளை ஒன்றுசேர்த்தார். சிரிஞ்சால் உறிஞ்சித் தண்ணீர் பாட்டிலில் விட்டார். மிச்சத்தைப் பிளாஸ்திரியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது.

வெளியே வந்தபோது அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சி. அதான் மெதுவா செஞ்சேன்."

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. அன்று டாக்டர்கள் இருந்த இடத்தில், அந்த அக்காவைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.