ஒன்றை அழுத்துங்கள்

பொறுமை டாக்டர் என்று ஊரில் பேரெடுத்தவர் இப்போது யாருக்கும் போன் செய்வதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு மோசமாக வந்தால் நேராக வீட்டுக்கே போய்விடுகிறார். போனாலும் வாசலில் நின்று குரல் கொடுப்பது கிடையாது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். திறக்கிறவர் தன் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? அந்தத் தையல்காரர் வீட்டு வாசலில் அவர்களா நின்றார்கள்?

அவர் குரலை ஒரு தடவையாவது கேட்டிருந்தால்தான் இந்தக் கதை புரியும். கனமான, அவசரமே தெரியாத குரல். "ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்பார்கள். வைத்தியத்தில் அவர் பெரிய சூரர் என்று யாரும் சொன்னதில்லை. கையெழுத்து, கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் ஆளை உட்காரவைத்துப் பேசுவார். தூக்கம் எப்படி, வீட்டில் யார் சமைக்கிறார்கள், மகன் பேசுகிறானா என்றெல்லாம் கேட்பார். வெளியே காத்திருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். தங்கள் முறை வந்ததும் அவர்களும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்துகொள்வார்கள்.

நாலு அறையோடு இருந்த அந்த ஆஸ்பத்திரியை ஒரு கம்பெனி வாங்கியது. மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடும். நோயாளிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தால் அது சிவப்பாகும். சிவப்புக் கோடுகள் கூடினால் மாதக் கடைசியில் விசாரணை. நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்ய டாக்டருக்கு வரவில்லை. எனவே முகத்தை விட்டுவிட்டார்.

ஒருநாள் நிர்வாகம் பார்க்கிற பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். "சார், உங்க நேரத்த மிச்சப்படுத்தத்தான் இது. மருந்த ஞாபகப்படுத்துற போன் எல்லாம் இனிமே மெஷினே பண்ணிடும், உங்க குரல்லயே. ஜனங்க உங்க குரலத்தானே சார் நம்புறாங்க?"

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அலமாரி அளவே இருந்த ஓர் அறையில் உட்கார்ந்து, கொடுத்த வரிகளையெல்லாம் படித்தார். "உடனே கிளம்பி வாங்க" என்ற வரி மட்டும் அவளுக்குத் திருப்தியாக இல்லை. "இன்னும் கொஞ்சம் பதட்டம் வேணும் சார்" என்றாள். கைவிட்டுப் போன யாரோ ஒரு நோயாளியை மனதில் நினைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். ஒலிப்பதிவு செய்த பையனுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்கப்புறம் அந்தக் குரல் அவரை விட்டுவைக்கவில்லை. மருந்துக்கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் போனிலிருந்து அவரே பேசுவார். மாடிப்படி ஏறினால் யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து அவரே நலம் விசாரிப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியின் போன் அடித்தது. "பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா? உடம்பப் பாத்துக்கங்க" என்றது. "போட்டுட்டேங்க" என்றாள் அவள், அப்படிக் கனிவாக. பிறகு நிமிர்ந்து, எதிரில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க என்கிட்ட இப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு?"

டாக்டருக்கு, தான் செத்துப்போய், தன் குரல் மட்டும் குடும்பம் நடத்துவதுபோல இருந்தது. அன்றைக்கு அவர் பயந்தார். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் "புரிஞ்சுதுன்னா ஒண்ணு அழுத்துங்க" என்று குரல் சொல்லும். அழுத்தாவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பிராணனை வாங்கும். ஜனங்களும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். டாக்டர் குரல் கேட்டதும் ஒன்றை அழுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பிறகு கம்பெனி, முழு உடம்புப் பரிசோதனைக்குச் சலுகை அறிவித்தது. "சலுகை இந்த வாரம் மட்டும்தான். உடனே கிளம்பி வாங்க" என்று ஊர் முழுக்க அவர் பதறினார்.

டாக்டர் அந்தப் பெண்ணிடம் போனார். "ஏம்மா, உயிர் போற அவசரத்துக்குன்னு சொன்னத, சரக்கு விக்கிறதுக்குப் போட்டிருக்கீங்களே?"

"நாலு பேர் வந்து செக் பண்ணிக்கிட்டா நல்லதுதானே சார்?"

அங்கே அவர் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஓய்வு பெறுகிற வயதில் எதற்கு வம்பு என்று அறைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வாரம்தான் தையல்காரர் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர், சிறுநீரகம் பலவீனமானவர், டாக்டரிடம் பல வருஷமாக வருகிறவர். மத்தியானம் பரிசோதனைக்கூடத்துப் பெண் ஓடிவந்து முடிவைக் காட்டினாள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிக் கிடந்தது. இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். டாக்டர் தன் கையாலேயே போன் போட்டார்.

"ஐயா, நான் டாக்டர் பேசுறேன். உடனே கிளம்பி வாங்க—"

'பீப்' என்றது. இணைப்பு அறுந்தது.

போனையே வெறித்துப் பார்த்தார். தையல்காரர் ஒன்றை அழுத்திவிட்டுப் போனை வைத்திருக்கிறார். மறுபடி போட்டார். "நான் டாக்டர்—" அதற்குள் 'பீப்'. மூன்றாம் முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நர்ஸையும் கூப்பிடச் சொன்னார். அவளுக்கும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. காத்திருந்த நோயாளிகள் வாய் பிளந்து பார்க்க, கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சுற்றி வளைப்பானேன், தையல்காரர் பிழைக்கவில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கதவு திறந்தே கிடந்தது. தையல் மிஷினின் ஊசிக்கடியில் நீலத் துணி பாதி தைத்தபடி நின்றது. அவர் முக்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் மனைவி தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "எந்திரிங்க. என்னங்க, எந்திரிங்களேன்."

முகத்தின் நிறத்தைப் பார்த்ததுமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நெஞ்சை அழுத்திப் பார்க்காமல் விட முடியுமா? அவள் நகர்ந்தால்தான் உள்ளே போக இடம். மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு, அவள் பயந்துவிடாமல் இருக்க, அந்தப் பழைய நிதானமான குரலில் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. நான் டாக்டர். கொஞ்சம் நகருங்க."

அவள் திரும்பவில்லை. ஒரு கையால் புருஷன் தோளை உலுக்கிக்கொண்டே, மறுகையால் மிஷின் பலகையில் கிடந்த போனைத் துழாவி எடுத்து, ஒன்றை அழுத்தினாள்.