கேற்றுத் திறப்பு

சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் சாவகச்சேரிப் பக்கம் நடந்த அன்று, கடல்நீரேரி நடுவே போகும் வீதியில் முதியவர் ஒருவர் என் பக்கத்தில் நெருக்குப்பட்டு வந்தார். திருநீறு மழையில் கரைந்து மூக்கில் வழிந்தது. பத்தடிக்கு ஒருமுறை மடியைத் தடவினார்.

“நகையோ ஐயா?”

“இல்லைத் தம்பி. கேற்றுத் திறப்பு. நாய் கிழடு, இவ்வளவு தூரம் நடக்காது. எங்கையாவது போய்ப் பிழைக்கட்டும் எண்டு சங்கிலியை அவிட்டுவிட்டன்.”

சாவியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மடியில் செருகினார்.

“பிறகு, வழமைபோலை கேற்றைப் பூட்டிப்போட்டன். சுத்திவர ஆளுயர மதில்.”

இருபுறமும் தண்ணீர். அவர் திறப்பைக் கையில் எடுத்து, திரும்பிப் போகிற யாராவது வருகிறார்களா என்று கூட்டத்துக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார். எதிரே யாரும் வரவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அவரை முன்னே தள்ளிக்கொண்டு போனார்கள்.