கடவைக் காப்பாளருக்கு அறிவிக்கப்பட்டது

தங்கராசா அண்ணன் குற்றவாளி இல்லை. நான்தான் குற்றவாளி! இதை விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

நான் மென்பொருள் வடிவமைப்பவள். ஊர் தேற்றாத்தீவு, வேலை மட்டக்களப்பு நகரில். ஒரு ரயில் நிறுவனத்தின் நிலையங்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளைப் புதிதாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சாம்பல் நிறத் திரை. ஒரு ரயிலை அனுப்பி வைக்க ஏழு கட்டங்களை நிரப்ப வேண்டும். பார்த்ததும் சிரித்தேன்... அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சிறிய நிலையத்தில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே எழுதுவினைஞர் ஏறாவூர்ச் சலீம் நானா. தெரு ரயில் பாதையைக் குறுக்கிடும் அடுத்த கடவையில் காவல் நிற்பவர் தங்கராசா அண்ணன். கடவை வட்டைக்கு நடுவே இருக்கிறது, சுற்றிலும் வயல்தான். அங்கே கைப்பேசிக்கு அலை வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே இருவரும் தமக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ரயில் புறப்படப்போவதை நானா அழைத்துச் சொல்வார். அண்ணன் தடுப்பு மரத்தை இறக்கிய பிறகு ஒரு மிஸ்கோல் அடிப்பார். அது வந்த நேரத்தை நானா ஏழாம் கட்டத்தில் எழுதுவார். அது நிரம்பாமல் திரை நகராது, ரயிலும் நகராது.

"அவன்ட மிஸ்கோல் வராம நான் நேரம் போடுறல்ல, புள்ள. ரயில் நிண்டா நிக்கட்டும்," என்றார் நானா.

அதை என் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை!

தெரிந்தே அந்தக் கட்டத்தை நீக்கினேன். ஏன்? மேலதிகாரிகளின் முன்னால் புதிய திரையைக் காட்டும் நாளில், ஒரு மிஸ்கோலுக்காக எல்லோரும் காத்திருப்பது அசிங்கமாகத் தெரிந்தது... அவ்வளவுதான் காரணம். ஏழு கட்டம் இரண்டாயிற்று. பொத்தானை அழுத்தினால் காப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். அது போய்ச் சேருமுன்னரே திரை தானாக எழுதிக்கொள்ளும்: 'கடவைக் காப்பாளருக்கு அறிவிக்கப்பட்டது.' பக்கத்தில் நேரமும் விழும். கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சில மாதங்களில் நானா மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்குப் பொத்தான் மட்டுமே தெரியும். அவர்மேல் என்ன பிழை?

அது அறுவடைக் காலம். நண்பகல். சுகந்தி என்ற பெண் வட்டையில் நின்ற கணவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனாள். கடவையில் தடுப்பு மரம் மேலே நின்றது. மரம் மேலே நின்றால் ரயில் இல்லை என்பது அந்தப் பாதையில் போகிற குழந்தைக்கும் தெரியும். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை...

விசாரணையில் என் திரையைத்தான் அச்சிட்டு வைத்தார்கள். தனக்கு எதுவும் வரவில்லை என்றார் அண்ணன். வந்த செய்தியை அழித்திருப்பீர் என்றார்கள். வேலை போயிற்று. தூங்கிக் கிடந்து பெண்ணைக் கொன்றவன் என்று ஊர் பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் நான் வாயைத் திறந்திருந்தால் அந்த ஊர்வாய் மூடியிருக்கும்.

விசாரணை முடிந்த அன்றே சேவையகத்தில் தேடினேன். அந்தச் செய்திக்கு நேரே ஒரு வரி இருந்தது: 'சேரவில்லை.' நாலு தரம் வாசித்தேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மறுவாரம் ஏழாம் கட்டத்தைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தேன். அதற்கு 'மேம்பாடு' என்று பெயரும் கொடுத்தேன். பழைய பதிவுகளைத் துப்புரவு செய்கிறேன் என்று சொல்லி அந்த வரியை அழித்தேன். நல்ல வேலை என்று பாராட்டினார்கள்.

போன மாதம் தங்கராசா அண்ணன் என்னைத் தேடி வந்தார். நிலையத்தில் மூன்று நாள் இருந்த கொம்பியூட்டர்ப் பிள்ளை என்றுதான் அவருக்கு என்னைத் தெரியும். மேல்முறையீட்டுக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து தரக் கேட்டார். கையால் எழுதிய தாளை மேசையில் விரித்தார்.

"என்ர போனுக்கு ஒண்டும் வரல்ல எண்டுதான் நினைச்சிருந்தன், புள்ள. மறுகா யோசிச்சா... கொம்பியூட்டர் பொய் எழுதுமா? நான்தான் கண்ணயந்திட்டனோ தெரியா."

இரண்டு வருடமாக ஊரே சொல்லியும் நம்பாத மனிதர், என் திரையை நம்பத் தொடங்கியிருந்தார். அந்த நிமிடத்தில் ஒரு சொல் போதும். ஆதாரத்தை நான் அழித்திருந்தாலும் என் வாய் இருந்ததே! ஆனால் வேலை, வழக்கு, சிறை என்று வரிசையாகக் கண்ணில் தெரிந்தன.

"கொம்பியூட்டர் பொய் எழுதாது அண்ணன்," என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தட்டச்சு வேண்டாம் என்றார். வேலைக்கு நடுவில் தொந்தரவு கொடுத்ததற்கு என்னிடம் வருத்தமும் சொன்னார்... என்னிடம்!

மறுவாரம் அவர் சுகந்தியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். முற்றத்தில் நின்று, நித்திரையாகிவிட்டேன், என் பிழைதான் என்று அவளுடைய கணவனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த மனிதன் அவரைக் கீழே தள்ளி அடித்தானாம். அண்ணன் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லையாம்.

இதைக் கேள்விப்பட்ட மறுநாள் காலையும் நான் வேலைக்குப் போனேன்.