கழுத்துப்பட்டைக்குள் ஓர் இலக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மாமா கசிப்புக் காய்ச்சிய காலத்தில் பொழுது சாயும் முன்பே எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றவர்கள் அவர்கள். அந்தக் கள்ளச்சாராயத்துக்காக மாமா சிறைக்குப் போய், அங்கே தையல் பழகித் திரும்பியபோது, அவரிடம் பிள்ளைகளின் சீருடைத் துணியைக் கொடுக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. குடித்த வாய்க்கு இல்லாத தீட்டு தைத்த கைக்கு வந்துவிட்டது.

மாமா அம்மாவின் கை மிசினில் எனக்கு மட்டும் வெள்ளைக் கவுன் தைத்தார். வகுப்பு வரவு இடாப்பில் என் இலக்கம் என்னவென்று கேட்டு, கழுத்துப்பட்டைக்கு உள்ளே நீல நூலில் 24 என்று போட்டார்.

"இது என்னாத்துக்கு மாமா?"

"பழக்கம் புள்ள. அங்க எல்லா சட்டையும் ஒரே மாதிரி. நம்பர் இல்லாட்டி அடுத்தவன் போட்டுக்கிட்டுப் போயிருவான்."

அம்மா என் காதைத் திருகிச் சொன்னார்: "டீச்சர் கேட்டா, மாமா கொழும்புல ஒரு கடையில பழகுனாருன்னு சொல்லு."

மாமாவின் பழைய கூட்டாளி தினமும் வாசலில் வந்து நின்றான். "என்னா மச்சான், மொத்தம் ஒரு கவுனா? வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு கெளம்பி வா. பானை அங்கதான் இருக்கு." வெள்ளிக்கிழமை வரை வேறு துணி வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வகுப்பில் பட்டையைத் திருப்பி எல்லாருக்கும் இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் டீச்சர் அக்குறணையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருபவர். தையலை விரலால் தடவிப் பார்த்து, "மகள், இது யாரு தைச்சது?" என்றார்.

"மாமா, டீச்சர். ஜெயில்ல பழகுனது."

வகுப்பே சிரித்தது. கொழும்பு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வீட்டில் அடி நிச்சயம் என்று பயந்து, ஐந்து மணி வரை தேயிலைக்குள் உட்கார்ந்திருந்தேன். திரும்பியபோது டீச்சர் எனக்கு முன்பே வந்திருந்தார். தன் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்த் துணி வாங்கி வந்திருந்தார்.

"நானா," என்றார் மாமாவைப் பார்த்து. முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்ட மகள்மார் ரெண்டு பேருக்கும் ஸ்கூல் உடுப்பு. உள்ளுக்கு இதே மாதிரி நம்பர் போடுங்க. மேல இருக்கிறது என்ட ஜாக்கெட் துணி. அத முதல்ல தாங்க. நான் போட்டுக்கொண்டு வாறன், யாரு என்ன கதைக்கிறாங்கன்னு பார்ப்பம்."

ஒருவரும் கதைக்கவில்லை. அடுத்த வாரமே துணிகள் வந்தன. மாமா அதன்பின் சிறைக்குப் போகவில்லை. இன்று பேராதனையில் அவர் கடையில் மூன்று மிசின்கள் ஓடுகின்றன. என்னைப் படிக்கவைத்ததும் அவைதான். உள்ளே தொழில் கற்றுக்கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் வெளியே முதல் துணியைக் கொடுத்தவர் டீச்சர். அவர் வராமல் போயிருந்தால் அந்தத் தொழில் எதற்கு உதவியிருக்கும்?

அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான். என் ஒருத்தியிடம் மட்டும் இருந்த இலக்கம் இனி அவர் பிள்ளைகளுக்கும் கிடைக்கப்போகிறதே என்று மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மிசினுக்குப் பக்கத்தில் ஓர் உரப்பை கட்டித் தயாராக இருந்தது. டீச்சர் போனதும் மாமா அதை அவிழ்த்தார். உள்ளேயிருந்த சாரத்தையும் சட்டையையும் எடுத்து, மறுபடி கொடியில் போட்டார். அது ஏன் கட்டியிருந்தது என்று நான் கேட்கக்கூட இல்லை.